சம்பூர்க் காட்டிலும் விழவில்லை, கோணேசர் கடலிலும் விழவில்லை

மாலைப் பூசை முடிந்து திருகோணமலைக் கோணேசர் கோயிலடியில் கடலைப் பார்த்து நின்ற ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பங்குனி மாதம், நேரம் 6.40 இருக்கும். வெண்பச்சை நிறத்தில் ஒரு தீப்பந்து வலப்பக்க வானத்தின் உயரத்திலிருந்து சரிந்து வந்து, குடாவின் எதிர்க்கரையிலுள்ள பவுல் முனை வெளிச்சவீட்டுக்கு நேர்மேலே மூன்று துண்டாக உடைந்து அணைந்துபோனது. மொத்தம் ஐந்து செக்கன் என்கிறார். அப்போது சத்தம் எதுவும் இல்லை. பிறகு கோட்டைக்குள் மான்கள் மேயும் இடத்துக்கு இறங்கி வந்தபோது தூரத்தில் குண்டு வெடித்ததுபோல ஒரு முழக்கம். கொட்டியாரக்குடாவின் நடுவே வள்ளத்தில் இருந்த அவருடைய அப்பாவும் அந்த வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறார். அது சம்பூர்க் காட்டுக்குள் விழுந்தது என்று அவர் அடித்துச் சொல்கிறார். மகனோ கடலில், வெளிச்சவீட்டுக்குச் சற்று அப்பால் விழுந்தது என்கிறார். அது விண்கல்லா செய்மதியா, எங்கே விழுந்தது, தேடிப் போகலாமா, அம்மா பயப்படுவதுபோலக் கெடுதல் ஏதும் வருமா என்பவை கேள்விகள்.

தம்பி, முதலில் உங்களுக்கும் அப்பாவுக்கும் நடக்கும் வழக்கைத் தீர்த்துவிடுகிறேன். இருவரும் தோற்றுவிட்டீர்கள். ஆனால் இருவரும் சேர்ந்து மிக நல்ல சாட்சி சொல்லியிருக்கிறீர்கள்.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். அது உண்மையாகவே சம்பூரில் விழுந்திருந்தால், கோணேசர் மலையில் நின்ற நீங்கள் ஏறக்குறைய தெற்கே திரும்பியிருக்க வேண்டும். வெளிச்சவீட்டுக்கு அப்பால் விழுந்திருந்தால், குடாவின் நடுவே இருந்த அப்பா ஏறக்குறைய நேர் கிழக்கே பார்த்திருக்க வேண்டும். நடந்தது என்ன? நீங்களும் தென்கிழக்கே பார்த்தீர்கள், அவரும் தென்கிழக்கே பார்த்தார். உங்கள் இருவருக்கும் இடையே எட்டு, பத்து கிலோமீற்றர் இருக்கும். அவ்வளவு விலகி நின்ற இருவரின் கைகளும் ஒரே பக்கத்தைக் காட்டுகின்றன என்றால், அந்தக் கோடுகள் வெகுதூரம் போன பிறகுதான் ஒன்றையொன்று தொடும். ஓடும் பஸ்ஸிலிருந்து பார்த்தால் வீதியோர மரங்கள் பின்னால் ஓடும், நிலா மட்டும் கூடவே வரும். அதே கதைதான்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இருட்டு வானத்தில் ஓர் ஒளியின் தூரத்தை அறியும் திறமை மனிதக் கண்ணுக்குக் கிடையாது. ஒரு பொருளின் உண்மையான பருமன் தெரிந்தால்தான் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மூளை கணிக்கும். தீப்பந்தின் பருமன் யாருக்குத் தெரியும்? ஆகவே கண்ணுக்குப் பழகிய கடைசி அடையாளத்துக்குப் பின்னால் அதை விழுத்திவிடுகிறோம். உங்களுக்கு வெளிச்சவீடு, அப்பாவுக்குச் சம்பூர். அடுத்த தென்னந்தோப்பில் விழுந்தது, பள்ளிக்கூட மைதானத்துக்குப் பின்னால் விழுந்தது என்று உலகம் முழுவதும் ஆட்கள் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

இனி அந்த முழக்கத்துக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய தகவல்களில் விலை உயர்ந்தது அதுதான். நீங்களோ அதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். ஒளி கணத்தில் வந்துவிடும், ஒலி நடந்துதான் வரும். தரையருகே அதன் வேகம் செக்கனுக்கு 340 மீற்றர் அளவு. உயரே குளிர்ந்த காற்றில் அதைவிடக் குறைவு. முப்பது கிலோமீற்றர் உயரத்திலிருந்து இறங்கிவரும் சத்தத்துக்குச் சராசரியாக 300 என்று வைத்துக்கொண்டால் பெரிய பிழை வராது. கோயிலடியிலிருந்து மான்கள் மேயும் இடத்துக்கு நான் நடந்து பார்த்தேன். என் முழங்காலுக்கு ஏழு நிமிடம் எடுத்தது. உங்கள் வயதுக்கு ஐந்து என்று கணக்கு வைக்கிறேன். ஐந்து நிமிடம் என்பது 300 செக்கன். அப்படியானால் அது உடைந்த இடம் உங்களிடமிருந்து சாய்வாக 90 கிலோமீற்றர்.

எவ்வளவு உயரத்தில் உடைந்தது என்று நான் திருப்பிக் கேட்டபோது, கையை நீட்டிப் பிடித்தால் கடல்விளிம்பிலிருந்து இரண்டு முஷ்டி என்றீர்கள். நீட்டிய கையின் முஷ்டி ஒன்று ஏறக்குறைய 10 பாகை. இரண்டு முஷ்டி 20 பாகை. சாதாரண தரத்துத் திரிகோண கணிதமே போதும்: 90ஐ 20 பாகையின் சைனால் பெருக்கினால் 31 கிலோமீற்றர் உயரம் வருகிறது. கிடையாக 85 கிலோமீற்றர். பவுல் முனை காட்டும் திசையில் 85 கிலோமீற்றர் போனால், வாகரைக் கரைக்கு நேரே கடலில் நாற்பது, ஐம்பது கிலோமீற்றர் தள்ளி நிற்பீர்கள். கணக்கை முடித்தபோது எனக்குக் கொஞ்சம் மயிர்க்கூச்செறிந்தது. காரணம், பெரிய தீப்பந்துகள் உடைவது பெரும்பாலும் முப்பது கிலோமீற்றரை அண்டிய உயரங்களில்தான். நீங்கள் முஷ்டியைப் பற்றிப் பொய் சொல்லியிருந்தால் இந்த விடை வந்திருக்காது.

ஒரு சந்தேகத்தை மறைக்க விரும்பவில்லை. எங்கள் கடலில் சட்டத்தை மீறி டைனமைற் போட்டு மீன் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். முழக்கம் அதுவாகவும் இருக்கலாம். ஆனால் தண்ணீருக்குள் வெடிக்கும் டைனமைற் "டும்" என்று ஒரே அடியாக முடியும். வள்ளத்தில் இருப்பவருக்குக் காதைவிட அடிப்பலகையில்தான் முதலில் தட்டும். விண்கல்லின் முழக்கம் இடிபோல உருண்டு தேயும். அப்பாவிடம் கேளுங்கள், பலகையில் தட்டியதா என்று. கேட்கும்போது விடையை நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள்.

செய்மதியா என்ற கேள்விக்கு நேரமே பதில் சொல்கிறது. பூமியைச் சுற்றும் செய்மதியோ அதன் உடைசலோ காற்றுமண்டலத்துக்குள் இறங்கினால் செக்கனுக்கு எட்டுக் கிலோமீற்றர் அளவில், கிடையாக, நிதானமாகப் போகும். ஒரு நிமிடத்துக்கு மேலும் தெரியும். துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்வலம் போகும். ஆளைக் கூப்பிட்டுக் காட்ட நேரம் கிடைக்கும். ஐந்து செக்கனில் முடிந்தது செய்மதி அல்ல. ஏவுகணை என்று அயலவர்கள் சொன்னதற்கும் ஓர் அடிப்படை உண்டு. இந்தியாவின் ரொக்கெட் ஏவுதளமான ஸ்ரீஹரிகோட்டா இங்கிருந்து வடக்கே 600 கிலோமீற்றருக்குள்தான் இருக்கிறது. அங்கிருந்து துருவப் பாதைக்கு ஏவப்படும் பி.எஸ்.எல்.வி. ரொக்கெட்டுகள் இலங்கையின் மேலே பறக்காதபடி கிழக்கே வளைந்துதான் தெற்கே திரும்புகின்றன. ஆகவே வானம் தெளிந்திருந்தால் எங்கள் கரைக்குச் சில வேளை தெரியும். ஆனால் அது வடக்கில் கிளம்பி நிமிடக்கணக்கில் ஏறும். வெசாக் நாட்களில் மேலே விடும் நெருப்புக் கூடுகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அவை காற்றோடு போகும், உடையாது.

விண்வெளிக் குப்பை எங்கள் பக்கம் வந்ததே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2015 நவம்பர் 13ஆம் திகதி முற்பகலில், டபிள்யூ.ரி.1190எஃப் என்று பெயரிடப்பட்ட ஒரு பழைய ரொக்கெட் துண்டு இலங்கையின் தென்கரைக்கு அப்பால் காற்றுமண்டலத்துக்குள் நுழைந்து எரிந்தது. நேரமும் இடமும் முன்கூட்டியே கணிக்கப்பட்டிருந்ததால் ஆய்வாளர்கள் விமானத்தில் ஏறிப் போய் அதைப் படம் பிடித்தார்கள்.

ஆக, நீங்கள் பார்த்தது இயற்கையான விண்துண்டுதான். வெள்ளிக் கோளைவிடப் பிரகாசமாகத் தெரியும் எரிநட்சத்திரத்தைத்தான் தீப்பந்து என்கிறோம். சூரியன் மறைந்து அரை மணித்தியாலம்கூட ஆகாத வானத்தில் அது உங்கள் கண்ணைப் பறித்தது என்றால் வெள்ளியை வெகுவாக மிஞ்சியிருக்க வேண்டும். இந்த இடத்தில் திருகோணமலைக்காரர் கொடுத்துவைத்தவர்கள். சூரியன் எங்களுக்கு நிலத்தின் பக்கம் மறைகிறது, கடல்பக்க வானம் முதலில் இருட்டுகிறது. மேற்குக் கரையில் நின்று கடலைப் பார்த்திருந்தால் செவ்வானத்தின் வெளிச்சமே பாதியைத் தின்றிருக்கும்.

மாலை நேரம் என்பதில் இன்னொரு விசேடம் உண்டு. மழைக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டியிருப்பீர்கள். நெஞ்சு தொப்பென்று நனையும், முதுகு அவ்வளவாக நனையாது. பூமி செக்கனுக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் சூரியனைச் சுற்றி ஓடுகிறது. விடியற்காலையில் நாங்கள் அதன் நெஞ்சுப் பக்கத்தில் நிற்கிறோம், எதிரே வருவதெல்லாம் மோதும். அதனால் விடியலில் எரிநட்சத்திரங்கள் அதிகம், வேகமும் அதிகம். உச்சவேகம் செக்கனுக்கு 72 கிலோமீற்றர் வரை போகும், கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். மாலையில் நாங்கள் முதுகுப் பக்கத்தில். பின்னாலிருந்து துரத்திப் பிடிப்பவை மட்டுமே எங்களிடம் வரும். அவை ஒப்பீட்டில் மெதுவானவை. மெது என்றாலும் செக்கனுக்கு 11 கிலோமீற்றருக்குக் கீழே போகாது. 15 என்று எடுத்துக்கொண்டால், மட்டக்களப்பு பஸ் பாதி நாளை விழுங்கும் தூரத்தைப் பத்துச் செக்கனுக்குள் கடந்துவிடும். மெதுவாக வருவது ஆழமாக இறங்கும், நீண்ட நேரம் தெரியும், ஏதாவது மிஞ்சி விழவும் வாய்ப்பு அதிகம். உலகில் விழுவதைக் கண்டு எடுத்த விண்கற்களில் பிற்பகலிலும் மாலையிலும் விழுந்தவையே முற்பகலில் விழுந்தவற்றைவிட அதிகம். வட அரைக்கோளத்தில் மாசி, பங்குனி மாலைகளில் தீப்பந்துகள் சற்றுக் கூடுவதும் அவதானிக்கப்பட்டிருக்கிறது.

காற்றோடு உராய்ந்து எரிகிறது என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். நானும் பல வருடம் அப்படித்தான் படிப்பித்தேன், மன்னிக்கவும். முக்கியமான காரணம் உராய்வு அல்ல. விலகிக்கொள்ளக் காற்றுக்கு நேரம் கிடைப்பதில்லை. கல்லின் முன்னே அது நசுங்கி, நசுங்கியே பல்லாயிரம் பாகை வெப்பமாகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுகிறதல்லவா, அதன் பெரிய அண்ணன் இது. அந்த வெப்பத்தில் கல்லின் மேற்பரப்பு ஆவியாகி ஒளிர்கிறது. பருமன் ஒரு தேங்காய்க்கும் ஓர் அண்டாவுக்கும் இடைப்பட்டதாக இருந்திருக்கலாம். இவ்வளவு சின்னதா என்று கேட்காதீர்கள். 15 கிலோமீற்றர் வேகத்தில் வரும் ஒரு கிலோ கல், 25 கிலோவுக்கு மேற்பட்ட டி.என்.டி. வெடிமருந்தின் சக்தியைச் சுமந்து வருகிறது.

பச்சை நிறத்தை வைத்து அதற்குள் செம்பு இருக்கிறது என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். கல்லில் உள்ள மகனீசியமே பச்சை தரும். சோடியம் மஞ்சள் தரும். காற்றில் உள்ள ஒட்சிசனும் நைதரசனும் தங்கள் பங்குக்கு நிறம் சேர்க்கும். கண்ணால் பார்த்த நிறத்தை வைத்துக் கல்லின் வகை சொல்பவர் சாத்திரி, விஞ்ஞானி அல்ல.

தேடிப் போகலாமா? வேண்டாம். அது உடைந்த பிறகு ஏதாவது மிஞ்சியிருந்தால், காற்றுத் தடையால் விண்வேகம் முழுவதையும் இழந்து, ஒளியில்லாமல், வெறும் கல்லாக நிமிடக்கணக்கில் விழுந்திருக்கும். விழுந்தது வாகரைக்கு அப்பாலுள்ள கடலில். எங்கள் துறைமுகம் ஏன் இவ்வளவு ஆழம் என்று தெரியுமல்லவா? வாசலிலிருந்தே ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கி 3,000 மீற்றருக்கும் கீழே இறங்குகிறது. அதற்கு அப்பால் வங்காள விரிகுடாவின் ஆழ்கடல். பூமியில் 71 சதவீதம் கடல் என்பதால் விண்கற்களில் பெரும்பங்கு மீன்களுக்கே போகிறது.

இதைச் சொன்ன பிறகும் கரையில் கறுப்புக் கல் பொறுக்கிக்கொண்டு யாராவது வருவார்கள். உண்மையான விண்கல்லில் முட்டைத் தோடுபோல மெல்லிய கறுப்புப் படை இருக்கும். பிசைந்த மாவில் பெருவிரலால் அழுத்தியதுபோலக் குழிகளும் இருக்கலாம். பருமனுக்கு மீறிய பாரம் இருக்கும். உள்ளே குமிழித் துளைகள் இராது. துளைத்துளையாக இருந்தால் அது இரும்புக் கசடு, பழைய துறைமுக ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. காந்தம் ஒட்டுகிறது என்பதை மட்டும் நம்ப முடியாது. புல்மோட்டைப் பக்கத்துக் கறுப்பு மணலில் இல்மனைற் என்னும் இரும்பு கலந்த கனிமம் கொட்டிக் கிடக்கிறது, வலிய காந்தத்தைக் கொண்டுபோனால் தாடி முளைத்ததுபோல ஒட்டிக்கொள்ளும். விழுந்தவுடன் தணலாகக் கொதித்தது, வைக்கோலைப் பற்றவைத்தது என்ற கதைகளையும் தள்ளிவையுங்கள். விண்வெளியின் குளிரில் கிடந்த கல், சில செக்கன் மேற்தோல் மட்டும் தீய்ந்து, பிறகு குளிர்ந்த காற்றினூடாக விழுகிறது. கைக்கு எட்டும்போது பெரும்பாலும் சுடாது.

எங்கள் நாட்டில் விண்கல் விழுந்ததே இல்லையா என்றால், விழுந்திருக்கிறது. உலக விண்கல் பதிவேட்டில் முல்லைத்தீவின் பெயரிலேயே ஒரு கல் இருக்கிறது. அது 1795இல் விழுந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில்தான் நீங்கள் நடந்துவந்த கோட்டை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. கிட்டிய காலத்தில் பொலன்னறுவையில், 2012 டிசம்பர் 29 அன்று ஒரு தீப்பந்து தெரிந்ததாகப் பேசப்பட்டது. அரலகன்வில வயல்களில் கற்களும் பொறுக்கப்பட்டன. அவற்றில் டயற்றம் என்னும் நுண்பாசியின் படிமங்கள் இருப்பதாகப் பேராசிரியர் சந்திரா விக்கிரமசிங்க குழுவினர் எழுத, பெரும் வாதம் எழுந்தது. அவை விண்கற்கள் என்பதையே மற்ற ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. வானத்தில் ஒரு வெளிச்சம், வயலில் ஒரு கல். இரண்டையும் ஒரே நூலில் கோக்கும் அவசரம்தான் சிக்கல்.

அம்மாவின் பயத்தைச் சிரித்துத் தள்ள எனக்கு மனமில்லை. 2004 மார்கழியைக் கண்ட கரை இது. கடல்பக்கமிருந்து முழக்கம் கேட்டால் நெஞ்சு திடுக்கிடத்தான் செய்யும். ஆனால் சுனாமியைக் கொண்டுவந்தது சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிகழ்ந்த 9.1 அளவு நிலநடுக்கம். அண்டா அளவுக் கல் 31 கிலோமீற்றர் உயரத்தில் உடைந்தால் கடல் அசையாது. 2013 பெப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரின் மேல் வெடித்த கல் ஏறக்குறைய 20 மீற்றர் அகலம். அங்கே காயப்பட்ட 1,500 பேர் அளவில் பெரும்பாலோரைக் கல் தொடவே இல்லை, கண்ணாடிதான் வெட்டியது. வெளிச்சத்தைக் கண்டு என்னவென்று பார்க்க யன்னலடிக்கு ஓடினார்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் கழித்து அதிர்வலை வந்து கண்ணாடியை உடைத்தது. ஆகவே இனிமேல் ஊரைப் பகலாக்கும் ஒரு வெளிச்சத்தைக் கண்டால் யன்னலை விட்டு விலகி நில்லுங்கள். அம்மாவுக்கும் இதைச் சொல்லுங்கள். அருச்சனை செய்யட்டும், அதில் ஒரு பழுதும் இல்லை.

என் அம்மம்மா, விழும் நட்சத்திரத்தைப் பார்த்தால் உடனே பச்சை மரத்தைப் பார் என்பார். இந்தப் பயத்தின் வேர் ஆழமானது. புறநானூற்றின் 229ஆம் பாட்டில், கூடலூர் கிழார் ஒரு விண்மீன் தீப்பரப்பி விழுந்ததைக் கண்டு, எங்கள் அரசன் நோயின்றி இருந்தால் நல்லது என்று அஞ்சுகிறார். ஏழாம் நாள் சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்துபோகிறான். எல்லோரும் சாவை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நான் அந்தப் பாட்டின் முதல் பாதியைத்தான் மாணவர்களுக்குக் காட்டுவேன். மாதம் பங்குனி, நேரம் பாதி இரவு, எந்த நட்சத்திரம் உச்சியிலிருந்து சாய்ந்தது, எது எழுந்தது, எது மறைந்தது, விழுந்த திசை கிழக்கும் இல்லாமல் வடக்கும் இல்லாமல் இடையில் எந்தப் பக்கம் என்று புலவர் ஒன்றும் விடவில்லை. சகுனத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் தம்பி, உங்கள் முதல் கடிதத்தைவிட அவருடைய அவதானம் துல்லியமானது.

அதே துல்லியத்தோடு நீங்களும் எழுதிவையுங்கள், இன்றைக்கே, மறதி கலக்கும் முன். நின்ற இடம், தொடங்கிய இடத்தின் திசை, முடிந்த இடத்தின் திசை, இரண்டின் உயரமும் முஷ்டிக் கணக்கில், நீடித்த நேரம், சத்தத்துக்கு இடைப்பட்ட நிமிடம். கடற்கரை வீதிக் கடைகளின் கண்காணிப்புக் கமராக்களில் பதிந்திருக்கலாம். பல கமராக்கள் சில நாட்களில் பழையதை அழித்துவிடும் என்பதால் உடனே கேளுங்கள். அவற்றின் மணிக்கூடு பிழையாக ஓடினால் எவ்வளவு பிழை என்று குறித்துக்கொள்ளுங்கள். பன்னாட்டு விண்கல் அமைப்பு இணையத்தில் பொதுமக்களின் தகவல்களை வாங்குகிறது, அதற்கு அனுப்புங்கள். அமெரிக்கச் செய்மதிகள் கண்ட பெரிய தீப்பந்துகளின் பட்டியலை நாசா வெளியிடுகிறது. உங்களுடையது அதில் ஏறும் அளவுக்குப் பெரிதா என்பது சந்தேகம். ஆனால் பார்த்துக்கொண்டிருங்கள்.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். கல்குடாவிலோ பாசிக்குடாவிலோ உங்களுக்குத் தெரிந்த யாராவது அன்று மாலை வெளியே நின்றார்களா? என் கணக்குச் சரியென்றால் அவர்களுக்கு அது வடகிழக்கில், ஏறக்குறைய நான்கு முஷ்டி உயரத்தில் உடைந்திருக்க வேண்டும். முழக்கம் மூன்று நிமிடத்துக்குள், உங்களுக்குக் கேட்டதைவிடப் பலமாகக் கேட்டிருக்க வேண்டும். அவர்களும் தென்கிழக்கில்தான் பார்த்தோம் என்றால், நான் மேலே போட்ட கணக்கு முழுவதையும் வெட்டிவிட்டு எழுதுங்கள். திரும்பவும் போடுகிறேன்.